அஞ்சு கேட்டால் ஏழு

2025 ஜனவரி 11

காலையிலிருந்து மழை. கிராம்பு காயவில்லை என்று வாப்பாவுக்குக் கோபம். துணி காயவில்லை என்று உம்மாவுக்குக் கோபம். எனக்கு எல்லோர் மேலும் கோபம். வாப்பா மிளகு, கறுவாக் கடைக்கென்று எப்போதோ வாங்கிப் பிறகு எனக்குத் தந்த கொம்பியூட்டர் நேற்றோடு மௌத்தாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு பெருமூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

போனதும் போனது, நேரம் பார்த்துப் போயிருக்கிறது. இன்றுதான் சுரேகா கொழும்பிலிருந்து பேசினாள். டெக்னிக்கல் கொலேஜில் என் பக்கத்து மேசைக்காரி. அவளுடைய கம்பனியில் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒருத்தி வேண்டுமாம். கட்டாத வீட்டைக் கட்டி முடித்துப் போட்டோ எடுத்த மாதிரி, வெளிச்சம், நிழல் எல்லாம் விழ, கொம்பியூட்டரில் செய்து காட்டும் வேலை. ரெண்டரிங் என்போம். எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

"டெஸ்டுக்கு ஒரு கிச்சன், ஒரு ஹோல் செஞ்சு அனுப்புடி. பெப்ரவரி பதினஞ்சுதான் கடைசி. அதுக்குப் பிறகு என்னால ஒண்ணும் சொல்ல ஏலாது."

கிடைத்தால் என்ன ஆகும் என்று எழுதவே பயமாக இருக்கிறது. எழுதுகிறேன். கிடைத்தால் ஸுஹைல் திரும்பி வரலாம். நிக்காஹ் முடிந்து, லீவு முடிந்து, சவூதியில் தம்மாமுக்கு வாகனம் ஓட்டப் போனவர். இங்கே ஒரு சம்பளம் நிலையாக ஓடினால் அங்கே அவர் எதற்கு? (அவர் பெயரை வாயால் சொல்வதில்லை. எழுதலாம்தானே.)

ஜனவரி 12

ஸுஹைலின் வொய்ஸ் வந்தது. "லெப்டொப் நான் வாங்கி அனுப்புறேன் புள்ள. பாறூக் நானா மாசக் கடைசில லீவுல வாறார், அவர்ட கைல குடுத்து உடுறேன். எது வேணும்ண்டு மட்டும் செல்லு."

எது வேணும்! அது தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

ஜனவரி 14

இரண்டு நாளாக வேறு சிந்தனை இல்லை. யூடியூபில் தமிழ், சிங்களம், ஹிந்தி எல்லாவற்றிலும் கேட்டாயிற்று. கறுவாப் பட்டைக்கு அல்பா, C5, C4, H1 என்று தரம் வைத்தவனும் கொம்பியூட்டரின் மூளைக்குப் பெயர் வைத்தவனும் ஒரே மதரசாவில் ஓதியிருக்க வேண்டும்.

மறந்துவிடுவேன், எழுதி வைக்கிறேன். i3, i5, i7 என்பது ஸ்டிக்கரில் பெரிதாக இருக்கும். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் ஓர் எண், எண்ணின் வாலில் ஓர் எழுத்து. விஷயமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. எண்ணின் தொடக்கம் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லும். 7600 என்றால் ஏழாவது, பழசு. 12450 என்றால் பன்னிரண்டாவது. வாலில் U என்றால் பட்டரியை மிச்சம் பிடிக்கும் சாது. H என்றால் பாரம் தூக்கும், சூடாகும், சத்தம் போடும். என்னைப் போல. F என்றால் திரைக்குப் படம் கொடுக்கும் பகுதியே உள்ளே இல்லை, அதற்கொரு கார்டைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும்.

ஆகவே பழைய i7 ஒன்றைப் புதிய i5 ஒன்று சும்மா தூக்கிச் சாப்பிட்டுவிடும். இதைக் கண்டுபிடித்ததும் ஏதோ பெரிய காரியம் செய்தவள்போல எழுந்து நின்றேன். உட்கார்ந்து அடுத்த வீடியோவைப் பார்த்தால், இப்போது அந்த i-யையே எடுத்துவிட்டு அல்ட்ரா என்று புதுப் பெயர் வைக்கிறார்களாம். இதென்ன முஸீபத்து!

கடைசியில் அனுப்பிவிட்டேன். i5 போதும், பன்னிரண்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், வாலில் H இருக்க வேண்டும், பாவித்ததும் பரவாயில்லை. எழுத்திலும் அனுப்பினேன், வொய்ஸிலும் சொன்னேன்.

"அஞ்சு போதுமா?" என்று கேட்டார்.

"போதும்."

சிரித்தார். "சரி சரி, எனக்கி வெளங்குது." என்ன விளங்கியது? சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

ஜனவரி 25

வரக்காமுறயிலிருந்து றுஸைனா மாமி வந்தார். ஸுஹைலின் உம்மா. சோறு போட்டபோது "போதும் போதும்" என்று சோற்றுக் கோப்பை மேல் கையை விரித்தார். உம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு அகப்பை போட்டார். மாமி முழுதும் சாப்பிட்டார். எங்கள் வீடுகளில் போதும் என்ற பிறகும் போடாவிட்டால் அதை ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள்.

"மகன் எப்ப வாறானாம்?"

"அவருக்கு எப்ப வசதியோ அப்ப, மாமி."

ஸுஹைலிடமும் இதையேதான் சொல்வேன். சவூதியில் புறப்பட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று லீவு. வந்து, பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றது ஃபைனல் எக்ஸிட். அதில் வந்தால் வந்ததுதான், திரும்பிப் போவது கிடையாது. ஊரில் இரண்டையும் "வாறார்" என்றே சொல்கிறார்கள். எனக்கு எது வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிக் கேட்பது? வெட்கமாக இருக்காதா?

பெப்ரவரி 1

பாறூக் நானா உக்குவெலையில் தன் வீட்டு வாசலை மிதித்த கையோடு இங்கே வந்துவிட்டார். துவாய்க்குள் துவாயாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மாமியும் வந்திருந்தார், பக்கத்து வீட்டாரும். போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தோம். அதற்குள் ஸுஹைல், எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக்கொண்டு, பெண் பார்க்க வந்த அன்று இருந்த மாதிரி.

கடைசித் துவாயை விலக்கினேன். ஸ்டிக்கர் நீலமாக மின்னியது. i7.

"பாத்தியா? அஞ்சு கேட்டாய், ஏழு அனுப்பியீக்கிறேன்!" என்றார். "அதுவும் ஏழாம் ஜெனரேஷன். ரெண்டு ஏழு புள்ள!"

மாமி மாஷா அல்லாஹ் என்றார். பக்கத்து வீட்டுக்காரி, ஏழு என்றால் பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் வைத்திருப்பதாயிற்றே என்றாள். நான் திறந்து, உள்ளே முழுப் பெயர் இருக்கும் இடத்துக்குப் போனேன். i7-7600U. உள்ளே வேலை செய்யும் ஆள் என்று ஒன்றுண்டு, கோர் என்பார்கள். நான் கேட்டதில் எட்டுப் பேர். இதில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் பட்டரியை மிச்சம் பிடிக்கிறவர்கள்.

"எப்பிடி?" போனுக்குள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சூப்பர்" என்றேன்.

பெப்ரவரி 2

அஞ்சு போதுமா என்று கேட்டு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்றைக்குத்தான் விளங்கியது.

நிக்காஹ்வுக்கு அவர் ஊருக்கு வரத் தயாரானபோதும் இப்படித்தான் கேட்டார், என்ன கொண்டு வர என்று. "ஒண்டும் வாணாம், சின்ன அத்தர் போத்தல் ஒண்டு போதும்" என்றேன். மனுஷன் அப்படியே சின்ன அத்தர் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். விரல் நீளம்கூட இல்லை. எனக்கு மூத்தவள் றிப்னா அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அவர் காதில் விழாமல் இருக்குமா? அன்றைக்கு அவர் படித்த பாடம், பெண்டாட்டி அம்றா குறைத்துத்தான் கேட்பாள், நாம் கூட்டித்தான் கொடுக்க வேண்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டியதை வேண்டிய மாதிரியே கேட்டேன். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது யாரோடு கோபிப்பது? உழைத்த காசில், ஆசையாக, நான் கேட்டதைவிடப் பெரியது என்று நம்பி வாங்கிய பொருள். அதைக் குறை சொல்ல எந்த வாயால் முடியும்?

பெப்ரவரி 6

ரெண்டர் போட்டுவிட்டு மீன் கழுவினேன், சோறு ஆக்கினேன், லுஹர் தொழுதேன். வந்து பார்த்தால் திரையிலிருக்கும் சமையலறையில் ஒரு ஜன்னல் மட்டும் விடிந்திருக்கிறது.

பெப்ரவரி 9

நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. காலை சுபஹோடு போட்ட ரெண்டர் முக்கால்வாசி வந்திருந்தது. லெப்டொப் தானே, பட்டரி தாங்கும் என்று நிம்மதியாக இருந்தேன். பழைய பட்டரி. ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் திரை கறுத்தது.

பாணந்துறைப் பக்கம் ஏதோ குரங்கு பாய்ந்ததாம், அதனால்தானாம். நாடு முழுக்க ஒரு குரங்கைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறது. நான் கிணற்றடியில் நின்று அழுதேன். கடைசித் தேதிக்கு ஒரு வாரம்கூட இல்லை. இதே வேகத்தில் போனால் கிச்சனே முடியாது, ஹோலுக்கு எங்கே போவேன்? என் மேலதான் பிழை. என்ட வாய் மேலதான். "சூப்பர்"ண்டு சென்ன வாய்!

பெப்ரவரி 10

திருகோணமலை வீதியில் திலீபன் அண்ணாவின் கடை. கல்யாணக் கார்ட், பெனர் அடிக்கிறார், கொம்பியூட்டரும் திருத்துகிறார். லெப்டொப்பைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார், துடைத்தார், மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"இதுமேல ஒரு குத்தமும் இல்லைங்க தங்கச்சி. டைப் பண்ண, பாடம் பாக்க எல்லாம் நல்லா ஓடும். நீங்க ஏத்துற பாரத்துக்குத்தான் ஆகாது."

அவருடைய மேசைக்கு அடியில் இருப்பது i5-12400. வாலில் எழுத்தே இல்லாத சாதாரண டெஸ்க்டொப் சாமான். எட்டாம், பத்தாம் தலைமுறையில் நின்றுபோன அவருடைய மற்ற மிஷின்களுக்கு அதுதான் வாப்பா மாதிரி. அவருடைய மனைவி நிஷாந்தியும் அங்கேயே உட்கார்ந்து கார்ட் டிசைன் செய்கிறார். "காலையில கூட்டம் இருக்காது. வந்து என் பக்கத்துல உக்காந்து செஞ்சுட்டுப் போங்களேன்" என்றார் நிஷாந்தி.

வீட்டில் நாள் முழுக்க இழுத்ததை, நிஷாந்தி ஒரு கார்டின் ஓரத்துப் பூவை முடிப்பதற்குள் அது முடித்துத் தந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல்.

பெப்ரவரி 14

அனுப்பிவிட்டேன். கிச்சன், ஹோல் இரண்டும். ஜன்னலில் மாத்தளை மழைக்குப் பிறகு வரும் மஞ்சள் வெயிலை வைத்தேன். அது நல்லா வந்திருக்கு, நானே சொல்றேன்.

பெப்ரவரி 19

கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கிடைத்துவிட்டது!

மார்ச் தொடக்கத்தில் வேலை ஆரம்பம். சுரேகா கடைசியில் சொன்னாள், "மிஷின் உன்னோடதா இருக்கணும்டி. கடையில போய்ச் செய்யுறது சரிவராது. அவங்க கேப்பாங்க, என்ன புரொசெசர்னு முழுப் பெயரோட."

ஸுஹைலிடம் சொன்னேன். "எண்ட ஏழு செஞ்ச வேல!" என்றார். ஆம் என்றேன். இரண்டாவது பொய்.

பெப்ரவரி 22

மாமி போன் எடுத்தார். சலாம் சொன்னதும் நேரே விஷயத்துக்கு வந்தார். "வீட்டுல ஏழு ஈக்கக்குள்ள கடைல என்ன வேல ஒனக்கு? நாள் தவறாமப் போனியாமே. ஆக்கள் கேக்குறாங்க புள்ள, நான் என்ன செல்ல?"

"பிரின்ட் எடுக்க, மாமி."

இது மூன்றாவது. மாமியைக் குறை சொல்ல முடியாது. மகன் வெளிநாட்டில், மருமகள் தினமும் ஒரு கடையில். நிஷாந்தி பக்கத்தில் இருக்கிறார் என்பது வரக்காமுற வரைக்கும் நடந்து போய்ச் சொல்லுமா? உண்மையைச் சொல்லலாம். உங்கள் மகன் வாங்கிய ஏழு எனக்கு உதவாது என்று. அதைக் கேட்டு மாமியின் முகம் எப்படிப் போகும்?

பெப்ரவரி 25

செய்துவிட்டேன். சரியா பிழையா தெரியாது, செய்துவிட்டேன்.

மூடிப்போன ஒரு ஒஃபிஸிலிருந்து வந்த டெஸ்க்டொப் ஒன்று திலீபன் அண்ணாவிடம் இருந்தது. i5-12400. வாலில் F இல்லை, இரண்டு தடவை பார்த்தேன். லெப்டொப்பைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு போட்டு மாற்றிக்கொண்டேன். "நாவுலயில ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. ஸூம் பாடம் நடத்தவும் பேப்பர் டைப் பண்ணவும்தான். முழு நம்பரையும் சொல்லித்தான் குடுப்பேங்க" என்றார். அதைக் கேட்டுத்தான் கையை விட்டேன். அந்த நீல ஸ்டிக்கரை ஒருமுறை தடவிப் பார்த்துக் கொடுத்தேன். பொருள் என்ன பாவம் செய்தது?

நாளைக்கு நானே ஸுஹைலிடம் சொல்லிவிடுவேன். இன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

பெப்ரவரி 26

சொல்ல விடவில்லை.

மாமி நோன்புக்கென்று ஈச்சம்பழமும் மிளகுத் தூளும் கொண்டு வந்தார். மேசைக்கு அடியில் கறுப்புப் பெட்டியைக் கண்டார். லெப்டொப்பைத் தேடினார். கேட்டார். சொன்னேன்.

"இது என்ன நம்பர்?"

"i5, மாமி."

"ஏழக் குடுத்துட்டு அஞ்சா வாங்கினாய்?" அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வரக்காமுற முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், மகன் மருமகளுக்கு ஏழு அனுப்பினான் என்று. "எண்ட புள்ள அந்த வெயில்ல காஞ்சி வாங்கின சாமான்!" குரல் உடைந்துவிட்டது. நான் தலைமுறை, கோர் என்று ஏதோ ஆரம்பித்தேன். எண்ணில் ஏழு பெரிது, ஐந்து சிறிது. அதற்கு மேல் யார் காது கொடுப்பார்கள்?

என் முன்னாலேயே மகனுக்குப் போன் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"வித்தியா?"

"மாத்தினேன்."

"எனக்கிச் செல்லாம?"

என்ன சொல்ல?

"சரி" என்றார். வைத்துவிட்டார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 2

முதல் நோன்பு. போன வருஷம் மஃரிப் பாங்கு முடிந்ததும் அவருடைய சலாம் வந்துவிடும். இன்றைக்குக் கஞ்சி ஆறும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4

வேலை நன்றாகப் போகிறது. மிஷின் தங்கம். கொழும்பிலிருந்து மூன்று படம் கேட்டால் மூன்றும் நேரத்துக்குப் போகிறது. நல்லது என்று பதில் வருகிறது. ஒன்றும் ருசிக்கவில்லை. யாரைக் கூட்டிவர இந்த வேலையைத் தேடினேனோ அவர் என்னோடு பேசவில்லை. அப்ப இந்த வேல என்னத்துக்கு?

பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு வொய்ஸ் பண்ணினேன். பண்ணினேன், அழித்தேன், மறுபடி பண்ணினேன். கடைசியாக அனுப்பியது இதுதான்: "நான் அஞ்சு கேட்டது வெக்கத்துல இல்ல. கொறச்சிக் கேக்கவும் இல்ல. எனக்கி வேண்டியிருந்தது அதுதான். நீங்க அனுப்பினதுல என்ட வேல ஓடல்ல. ஒங்கட மொகத்தப் பாத்துட்டு அதச் செல்ல ஏலாமப் போச்சி. சூப்பர்ண்டு சென்னது பொய். கடைக்குப் போனது அந்த டெஸ்ட முடிக்க. செல்லாம மாத்தினது என்ட பிழை."

மார்ச் 5

பதில் வந்தது. நீளமான வொய்ஸ். பின்னால் வாகன இரைச்சல்.

"ஒண்டு கேக்குறேன் புள்ள. ‘ஒண்டும் வாணாம்’ண்டு நீ செல்றது வேற, இது வேறண்டு எனக்கி எப்பிடித் தெரியும்? கடைல நான் மொதல்ல எடுத்தது அஞ்சத்தான். நீ சென்ன அதே நம்பர், கடைசில H. கைல வச்சிட்டு நிண்டேன். இதக் கொண்டு போனா அந்த அத்தர் போத்தல் கதைதான்ண்டு நெனச்சேன். வெல வேற அந்த அஞ்சுக்குத்தான் கூட. அஞ்ச ஏழ விடக் கூட விக்கிறான், என்னய ஏமாத்தப் பாக்கிறான்ண்டு அவனோட சண்ட புடிச்சி ஏழ வாங்கிட்டு வந்தேன்."

முடிக்கும்போது சொன்னார், "ஏழு சரி வராதது எனக்கிப் பெரிசில்ல. என்னோட சிரிச்சிட்டு சூப்பர்ண்டு சென்னியே. இனி நீ எதச் சென்னாலும் நான் எத நம்ப?"

கையில் எடுத்திருக்கிறார். நான் கேட்டதைக் கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறார். கோபப்பட நினைத்தேன், அழுகைதான் வந்தது. அந்தக் கடையில் அவர் சண்டை பிடிப்பதை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"இனிக் கொறைக்க மாட்டேன்" என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

மார்ச் 9

மாமி வீட்டுக்கு நானே போனேன். வாப்பாவின் கடையிலிருந்து இரண்டு பொட்டலம் மிளகு கொண்டு போனேன், ஒன்று இந்தப் போகம், மற்றது மூலையில் வருஷக்கணக்காகக் கிடந்தது. மாமிக்கு மிளகு தெரியும், வளவு முழுக்கக் கொடிதான். நோன்பு என்பதால் வாயில் போடவில்லை, நசித்து மணந்தார்.

"ரெண்டுக்கும் பேரு மிளகுதான் மாமி. ரெண்டும் முதல் தரம்தான். நீங்க எத வாங்குவீங்க?"

"புதுச." பழைய பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப அந்த ஏழு, இந்த மூலைல கெடந்த மிளகா?"

"ஏழாம் போகம். என்டது பன்னெண்டாம் போகத்து அஞ்சு."

"அதையும் மொதல்ல இப்பிடிச் செல்றதுக்கென்ன? கோர், கீர்ண்டுட்டு!" கோபம் போகவில்லை. ஆனால் கிளம்பும்போது நோன்பு திறக்கக் கஞ்சி கட்டித் தந்தார். போதும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். மாமி திகைத்துப் போனார்.

மார்ச் 15

ஸுஹைலிடமிருந்து ஒரு படம். சலாம்கூட இல்லை. ஏதோ கடையில் லெப்டொப் ஒன்றின் ஸ்டிக்கர், பக்கத்தில் அவருடைய பெருவிரல். கீழே ஒரு வரி. "கூட வேல செய்றவர் மகளுக்கு வாங்கப் போறார். 7520U ஆம். புதுசு தானே?"

இது ரைசன். வேறு கம்பனி, வேறு பெயர் வைக்கும் முறை. ஓடிப்போய்ப் பார்த்து எழுதினேன். முதல் எண் வந்த வருஷத்தைத்தான் சொல்லும். உள்ளே இருப்பது எவ்வளவு பழசு என்று சொல்வது மூன்றாவது எண். இதில் அது 2. பழைய சரக்குக்குப் புதுச் சாக்கு. பாடத்துக்குப் போதும், பெரிய வேலைக்கு ஆகாது.

"நெசமாத்தான் செல்றியா? மனசு நோகாம இருக்கச் செல்றியா?"

"நெசமாத்தான்."

"அப்ப வாணாம்ண்டுட்டேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரை இல்லை, பெருவிரலை.

மார்ச் 31

பெருநாள். முதல் சம்பளம் வந்து, உம்மாவுக்கும் மாமிக்கும் ஒரே துணியில் அபாயா எடுத்தேன். இப்போதெல்லாம் ஸுஹைல் தினமும் பேசுகிறார். தங்கியிருக்கும் இடத்தில் லெப்டொப் வாங்குகிறவர்கள் எல்லாம் இவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். பெருமை தாங்கவில்லை.

"வேல நெலைக்குமா?" என்று கேட்டார்.

"நெலைக்கும் போல."

அடுத்ததாக நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னேன், "ஒங்களுக்கு எப்ப வசதியோ அப்ப வாங்க."

பைத்தியக்காரி! மறுபடியும் அதே வாய். இனிக் குறைக்க மாட்டேன் என்றது யார்?

மே 2

ஜூலையில் அவருக்கு லீவு விழுகிறது. இன்று எழுதியிருந்தார். "வரக்குள்ள என்ன கொண்டு வர? முழு நம்பரோட செல்லு. கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். அனுப்ப முந்தி ரெண்டு தரம் வாசி."

விரல் தானாகவே "ஒண்டும் வாணாம்" என்று அடித்துவிட்டது. அழித்தேன். முற்றத்தில் நடந்தேன். கிராம்புப் பாயைத் திருப்பிப் போட்டேன். உம்மா என்ன நடக்கிறது என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். திரும்பி வந்து எழுதினேன்.

ரேம் ஒன்று. DDR4, 16 ஜிபி, டெஸ்க்டொப்புக்கு உள்ளது. லெப்டொப்புக்கு உள்ளது நீளம் குறைந்து கட்டையாக இருக்கும், அது பூட்டாது.

அதற்குக் கீழே எழுதினேன்: லீவு வாணாம். ஃபைனல் எக்ஸிட்.

இரண்டு தரம் வாசித்தேன். அனுப்பினேன். போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மே 3

பதில் இல்லை. பார்த்திருக்கிறார், பதில் இல்லை. கூட்டிக் கேட்டுவிட்டேனா?

மே 4

மூன்று சமையலறைப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்றில் ஜன்னலை வைக்க மறந்து, சுரேகாவிடம் ஏச்சு வாங்கினேன். அஸருக்குப் பிறகு போன் அடித்தது. ஸுஹைல் இல்லை, மாமி.

"மகன் எடுத்தான். வாறானாம்."

"ஓ மாமி" என்றேன்.

"ஓவாம்! ‘வாறேன்’ண்டுட்டு வச்சிட்டான். லைன் வேற சரியில்ல. நீயும் அதையே செல்லாத. எந்த வாறது? லீவா, மத்ததா? முழுப் பேரையும் கேட்டுச் செல்லு புள்ள."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஸுஹைலிடமிருந்து இரண்டு படம் வந்து கிடந்தது. முதலாவது ரேம். லேபல் தெரிகிற மாதிரி, நான் கேட்ட அதே எண். இரண்டாவது கபீல், அவரை வேலைக்கு எடுத்த சவூதி முதலாளி, கையெழுத்துப் போட்ட தாள். அரபு எனக்கு ஓதத் தெரியும், விளங்காது. அடியில் ஒரே ஒரு வரி ஆங்கிலம் இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

"ஃபைனல், மாமி" என்றேன்.